புதுப் பொட்டி வாங்கின பேராண்டிக்கு

வா நைனா, குந்து. புதுசா சர்வர் பொட்டி வாங்கிட்டியாமே, உங்கம்மா ரேஷன் கடை க்யூவுல நின்னுக்கினு சொன்னா. சந்தோசம். பாதி விலை ஆஃபராம், மூணு வருசத்து வாடகையை மொத்தமா முன்னாடியே கட்டிட்டியாம், பழைய கம்பெனிக்காரனுக்கு நாளைக் காலையில கேன்சல் அடிக்கப்போறியாம். நடுவுல ஒரே ராத்திரி. அந்த ஒரு ராத்திரியில கன்ட்ரோல் பேனலைப் போட்டு, சிப்காட்ல இருக்கற ரெண்டு லேத்துப் பட்டறை, ஒரு ஜவுளிக் கடை, ஜி.என்.டி. ரோட்டுக் கல்யாண மண்டபம், அப்பால நீ சேத்து வச்சிருக்கற சில்லறை சைட்டு எல்லாத்தையும் ஒட்டுக்காத் தூக்கி அந்தப் பக்கம் வச்சிட்டு, விடியறதுக்குள்ள தூங்கியும் போயிடுவ. சோக்கான பிளான். எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான்: இதுல வேலைன்னு ஒண்ணு எங்க வருதுன்னு தெரியல.

"உனக்கு இதெல்லாம் இன்னா தெரியும்"னு மூஞ்சியை அப்பிடி வச்சிக்காத. எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். கூடூர் லைன்ல சிக்னல் டிபார்ட்மென்ட்டுல கலாசியா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ஸ்பேனரும் கிரீஸ் டப்பாவும் தூக்கினவன். ஆனா எம் மவ இருக்காளே, அவ கொரோனா காலம் முச்சூடும் நம்ம வூட்டுத் திண்ணையில லேப்டாப்பை வச்சிக்கினு ராத்திரியெல்லாம் எவனெவன் சர்வரையோ இடம் மாத்திக்கினு இருந்தா. நான் பக்கத்துல கயித்துக் கட்டில்ல தூங்கறாப்போல கெடப்பன். கெழவன் தூங்கறான்னு நெனைச்சா எல்லாரும் மெய்யைப் பேசிடுவாங்க. அவ போன்ல திட்டினதையெல்லாம் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதிப் பாடம் ஏறிப்போச்சு. மீதிப் பாதி, அவ திட்டாம விட்டுட்டு அழுத ராத்திரியில ஏறினது.

சரி, இந்தப் பேனல் இன்னாத்துக்குன்னு சொல்லு பாப்போம். "எல்லாத்துக்கும் தாத்தா"ன்னுதான் சொல்வ. அதான் பேஜாரே. வெப்சைட்டைக் காட்ட ஒரு சாஃப்ட்வேர், மெயிலை அனுப்ப ஒண்ணு, வந்த மெயிலை எடுத்து வைக்க ஒண்ணு, டேட்டாபேஸுக்கு ஒண்ணு, பேரைச் சொன்னா ஐபி நம்பரைச் சொல்ல ஒண்ணு, ஃபைல் ஏத்த ஒண்ணு. இத்தனையையும் கறுப்புத் திரையில கமாண்டு அடிச்சு அடிச்சு ஒருத்தன் மேய்ச்சுக்கினு இருந்தான். 1996-ல நிக் கோஸ்டன்ங்கறவரு சிபேனலை எழுதினாரு. அடுத்த வருசமே ஜேமி கேமரன் வெப்மின்னைக் கொண்டாந்தாரு. அப்பால ப்ளெஸ்க், டைரக்ட்அட்மின்னு வரிசையா வந்துச்சு. கறுப்புத் திரை போச்சு, பட்டன் வந்துச்சு. பட்டன் வந்ததும், இந்த மேய்க்கிற ஆளு இனிமே எதுக்குன்னு ஓனருங்களுக்கு ஒரு சந்தேகமும் வந்துச்சு. உனக்கு சம்பளம் எம்மாம் கம்மின்னு நான் கேக்க வரல.

பட்டனை அமுக்கறவனுக்கு, பின்னாடி இன்னா ஓடுதுன்னு தெரியவேணாம்; அதுக்குத்தான் பேனலே. ஒரே எடத்துல குந்தியிருக்கற வரைக்கும் அது செரி. இடம் மாத்தற அன்னிக்குத்தான், தெரியவேணாம்னு விட்டதெல்லாம் வரிசையா வந்து வாசல்ல நிக்கும்.

ரெண்டு நாளா நீ அந்தப் புதுப் பொட்டியில சும்மாவும் இல்லையாமே. "பேனல் போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் வேலை முடிஞ்சிருக்கட்டும்"னு அப்பாச்சியைப் போட்டுட்ட, மைஎஸ்கியூஎல்லைப் போட்டுட்ட. சுறுசுறுப்பு எங்க வம்சத்து ரத்தம். இப்ப அத்தனையையும் துடைச்சிட்டு மறுபடி ஓஎஸ்ஸை ஏத்து. சிபேனல்காரன் எழுதியே வச்சிருக்கான்: வேற எதுவும் போடாத, புத்தம் புதுசா ஓஎஸ் மட்டும் ஏத்தின பொட்டியிலதான் நான் உக்காருவேன்னு. உக்காந்தா எழுந்திரிக்கவும் மாட்டான். அதைக் கழட்ட அவன் வழி ஒண்ணும் வைக்கல. வேணாம்னு தோணிச்சுன்னா பொட்டியையே அழிச்சு முதல்லேருந்து ஆரம்பிக்கணும். "போட்டுப் பாக்கறேன், புடிக்கலேன்னா வேற மாத்திக்கறேன்"னு டீக்கடையில சொல்லிக்கினு இருந்தியே, அந்தத் தெம்பு ரொம்ப நல்லது. ராத்திரி நீளமா இருக்குது.

பொட்டிக்குப் பேரு வச்சிட்டியா? மண்டபத்துக்காரரோட டொமைனையே பொட்டிக்கும் பேரா வச்சிட்டன்னு கேள்விப்பட்டேன். பெரிய மனசு உனக்கு. பொட்டிக்குத் தனியா, முழுசா, புள்ளி வச்ச ஒரு பேரு வேணும் நைனா. உள்ள குடியிருக்கற சைட்டோட பேரை அதுக்கு வைக்கக் கூடாது. வச்சா மெயில் யாரோடதுன்னு பொட்டிக்கே கொழப்பம் வரும். மண்டபத்துக்கு வந்த கல்யாண புக்கிங் மெயிலைப் பொட்டி தனக்கு வந்ததுன்னு எடுத்து வச்சிக்கும். பொட்டிக்குக் கல்யாணம் ஆகற வயசா இது?

ஓஎஸ் இன்னான்னு பாத்து வாங்கினியா, இல்ல விலையைப் பாத்து வாங்கினியா? ஆஃபர்ல வந்தது டெபியன். நீ போடப்போறது சிபேனல். அது டெபியனை ஏறெடுத்தும் பாக்காது. அல்மாலினக்ஸ், ராக்கி, கிளவுட்லினக்ஸ், இல்லேன்னா உபுண்டு, அதுலயும் இன்ன நம்பருன்னு கேக்கும். ஹெஸ்டியான்னா டெபியன்ல உக்காரும். முதல்ல பேனலை முடிவு பண்ணு, அதுக்கு ஏத்த ஓஎஸ்ஸைப் பாரு, அப்பால பொட்டியை வாங்கு. நீ தலைகீழா வாங்கியிருக்க. பரவால்ல, ஓஎஸ்ஸை மாத்தி ஏத்தற பட்டன் வாடகைக்காரன் பக்கத்துல இருக்கும், தேடு.

இந்த ஓஎஸ் விவகாரத்துல நம்பி மோசம் போனவங்க நெறைய பேரு. சென்ட்ஓஎஸ் 8-ன்னு ஒண்ணு இருந்துச்சு, ஓசி. 2029 வரைக்கும் பாத்துப்போம்னு சொன்னாங்க. 2020 டிசம்பர்ல ரெட் ஹாட்காரன் வந்து, இல்லப்பா, 2021 டிசம்பர் 31-ஓட சரின்னுட்டான். எட்டு வருசம் ஒரே அறிக்கையில போச்சு. அந்தக் கோவத்துலதான் 2021-ல அல்மாவும் ராக்கியும் பொறந்துச்சு. பழைய சென்ட்ஓஎஸ் 7 இருக்கே, அதுக்கு 2024 ஜூன் 30-ஓட கதை முடிஞ்சுது. நீ இப்ப காலி பண்ணப்போற பழைய பொட்டியில ஓடறது அதுதான்னு எனக்கு ஒரு வாசனை வருது. முடிஞ்சு போனது மேல இத்தினி நாளா நாலு யாவாரத்தை உக்கார வச்சிருந்தியே, உன் தைரியத்துக்கு நான் கலாசியா இருந்தப்பவே உன்னை டிபார்ட்மென்ட்டுல எடுத்திருக்கணும்.

அப்பால லைசென்ஸு. "பழைய எடத்துல சிபேனல் இருந்துச்சே தாத்தா, அதை அப்பிடியே இங்க கொண்டாந்துடறேன்." கொண்டா, கொண்டா. சந்தையில மாடு வாங்கியிருக்கியா நீ? வித்தவன் மாட்டைக் குடுப்பான், கயிறைக் கழட்டித் தோள்ல போட்டுக்கினு போயிடுவான். வாங்கினவன்தான் புதுக் கயிறு கொண்டாரணும். இதுவும் அதேதான். சிபேனல் லைசென்ஸு ஐபி நம்பரைப் பாத்துக் கட்டினது. முக்காவாசிப் பேருக்கு அது வாடகையோட சேந்து பழைய கம்பெனிக்காரன் குடுத்தது, அவனோடது. நீ சைட்டை ஓட்டிக்கினு வரலாம், அது அவன்கிட்டதான் இருக்கும். புது ஐபிக்கு 15 நாள் சோதனை லைசென்ஸு ஓசியில தருவாங்க. சைட்டை மாத்திப் பாக்க அது போதும். அதை வாங்கிப் போட்டுட்டு, பதினாறாவது நாள் பேனல் கதவைச் சாத்திடும்ங்கறதை மறந்துடு. உன் வழக்கம் அதானே.

துட்டு விசயம் ஒண்ணு. முன்னெல்லாம் பொட்டிக்கு ஒரு விலை. உள்ள பத்து அக்கவுன்ட் இருந்தாலும் சரி, முந்நூறு இருந்தாலும் சரி. 2018-ல சிபேனலை ஓக்லி கேபிடல்னு முதலீட்டுக் கம்பெனி ஒண்ணு வாங்கிச்சு. அடுத்த வருசம் ஜூன்லயே தலைக்கட்டுக் கணக்கு வந்துடுச்சு: இத்தினி அக்கவுன்ட்டுக்கு இத்தினி டாலரு. ஒலகம் முச்சூடும் சின்ன ஹோஸ்டிங் வச்சிருந்தவன்லாம் தலையில கை வச்சான். நெறைய பேரு டைரக்ட்அட்மினுக்கு ஓடினாங்க. எம் மவளுக்கு அந்த வருசம் வேலை கொட்டிச்சு. அதனால சிபேனல்காரன் மேல எனக்குத் தனிப்பட்ட முறையில கோவம் ஒண்ணும் இல்ல.

உன் அக்கவுன்ட்டுல செத்துப்போன சைட்டு எத்தினி இருக்குது? எலெக்‌ஷனுக்குப் போட்டது, மூடின டியூஷன் சென்டருது, உன் சிநேகிதன் காதலிச்ச காலத்துல பண்ணது. அதுக்கெல்லாம் தலைக்கு டாலர் கட்டி, பயபக்தியோட புது வூட்டுக்கு இட்டுக்கினு போகப்போறியா? போ. புண்ணியம்.

"பாதி விலைக்கு லைசென்ஸ் தரேன்னு டெலிகிராம்ல ஒருத்தன் சொல்றான்"ங்கற. அவன் ரூட் பாஸ்வேர்டு கேப்பான், இல்லேன்னா அவன் ஸ்கிரிப்டை ரூட்டா ஓட்டச் சொல்வான். குடு. பொட்டி அவனுது, வாடகை உன்னுது, கெட்ட பேரு பட்டறைக்காரருது. மூணு பேரும் சமமாப் பங்கு போட்டுக்கலாம்.

ஓசி பேனலு நெறைய இருக்குது. நான் கொறை சொல்லல. ஹெஸ்டியா, விர்ச்சுவல்மின், ஐஎஸ்பிகான்ஃபிக், சைபர்பேனல், ஏஏபேனல். ஆனா ஒரு வரி கமாண்டை நெட்டுலேருந்து காப்பி பண்ணி ரூட்டா ஓட்டறியே, அந்த ஒரு வரியில இன்னா வருதுன்னு எந்த மகராசனாவது படிச்சிருக்கானா? 2018-ல வெஸ்டான்னு ஒரு பேனல். அதை இன்ஸ்டால் பண்ற ஸ்கிரிப்ட்டுக்குள்ளயே எவனோ கையை விட்டு, போடறவங்களோட அட்மின் பாஸ்வேர்டு வெளிய போறாப்போல பண்ணிட்டான். கம்பெனி சொன்ன அதே கமாண்டு, அதே எடம், அதே எழுத்து. அந்த வெஸ்டாவுலேருந்து பிரிஞ்சு வந்ததுதான் இப்பத்த ஹெஸ்டியா. 2019-ல வெப்மின்ல திருட்டுக் கதவு ஒண்ணு வெளிய வந்துச்சு. சாஃப்ட்வேரைக் கட்டற மெஷினுக்குள்ளயே நுழைஞ்சு வச்சிட்டுப் போயிருக்கான், வருசக் கணக்கா யாருக்கும் தெரியல. 2024 அக்டோபர்ல சைபர்பேனல். சுமார் 22,000 பொட்டி நெட்டுல தொறந்து கெடந்துச்சு. ஓட்டை இருக்குதுன்னு சேதி வந்த கையோட ஒரு கும்பல் உள்ள பூந்து ஃபைலையெல்லாம் பூட்டிப் போட்டுட்டுக் காசு கேட்டுச்சு. காசு குடுத்து வாங்கற பேனல்ல ஓட்டை வராதுன்னு நான் சொன்னதா ஊர்ல சொல்லிடாத. அதுலயும் வரும், ஒட்டுப் போடறவன் கொஞ்சம் சீக்கிரம் வருவான், அம்மாம்தான்.

அதனால பேனல் போட்ட கையோட அதோட கதவு நம்பரு யார் யாருக்குத் தொறந்திருக்குதுன்னு பாரு. சிபேனல்ல பொட்டிக்காரன் நுழையற 2087, ப்ளெஸ்க்னா 8443, வெப்மின்னா 10000. இந்த நம்பரெல்லாம் ஒலகத்துக்கே தெரியும். ராத்திரி பகலா எவனாவது தட்டிக்கினே இருப்பான். உன் ஆபீஸ் ஐபிக்கு மட்டும் தொற, ரெண்டாவது பூட்டா ஓடிபியும் வையி. ஆனா ஃபயர்வாலை மாட்டறப்ப உன் எஸ்எஸ்ஹெச் நம்பரைத் தொறந்து வச்சிட்டு மாட்டு. எம் மவகூட வேல செஞ்ச ஒரு புள்ளாண்டான் ரொம்பப் பாதுகாப்பா மாட்டிட்டான். திருடனும் உள்ள போகல, அவனும் போகல. விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஹோஸ்டிங்காரனுக்கு டிக்கெட் போட்டு, நான்தான் ஓனர்னு ரூஜுவாக்க ஆதார் கார்டை அனுப்பிக்கினு இருந்தான்.

இப்ப சாமானைத் தூக்கற வேலை. சிபேனல்லேருந்து சிபேனலுக்குன்னா அதுக்குள்ளயே டிரான்ஸ்ஃபர் டூல் இருக்குது; பழைய பொட்டியோட ரூட் பாஸ்வேர்டைக் குடுத்தா அக்கவுன்ட் அக்கவுன்ட்டா இழுத்துக்கும். ப்ளெஸ்க்குக்கும் அதுபோல மைக்ரேட்டர் உண்டு. இது ஒண்ணுதான் நீ நெனைச்சபடி நடக்கற வேலை, அதுலயே மயங்கி நின்னுடுவ. பச்சை டிக்கு வந்துச்சுன்னா எல்லாம் வந்துடுச்சுன்னு ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடுவ. வராதது எதுன்னு அது சொல்லாது. ஜவுளிக் கடைக்காரர் தெனம் ராத்திரி ஸ்டாக் லிஸ்டு ஏறணும்னு கேட்டாரே, அதுக்கு நீ ரூட்ல ஒரு க்ரான் போட்டியே, ஞாபகம் இருக்குதா? அது எந்த அக்கவுன்ட்லயும் இல்ல. பட்டறைக்காரருக்காக ஏதோ பிஹெச்பி எக்ஸ்டென்ஷனைக் கையால கட்டி ஏத்தினியே, அது? ஃபயர்வால்ல எழுதின விதி? நீ பேனலைத் தாண்டிக் கையால செஞ்சது எல்லாம் பழைய எடத்துலயே தங்கிடும். ஒரு தாள்ல எழுதி வச்சிருந்தா இப்ப படிக்கலாம். எழுதி வச்சிருப்ப. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா.

மண்டபத்துக்காரர் சைட்டு தனிக் காவியம். அது பிஹெச்பி 5.6-ல ஓடுது. 5.6-க்கு 2018 டிசம்பர் 31-ஓட ஆதரவு நின்னு போச்சு. புதுப் பொட்டியில பேனல் தானாப் போடறது எட்டு. வண்டி வண்டியா ஃபைல் வந்து எறங்கும், டேட்டாபேஸ் வந்து எறங்கும், தொறந்தா வெள்ளைப் பக்கம். அவரு பாத்துட்டு, "சுண்ணாம்பு நல்லா அடிச்சிருக்கியே தம்பி"ன்னுவாரு. மாத்தறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே பழைய எடத்துலயே ஒரு காப்பி எடுத்து வச்சு, புது பிஹெச்பியில ஓடுதான்னு பாத்துக்கோ. இடம் மாத்தறதும் வேர்ஷன் மாத்தறதும் ஒரே ராத்திரியில வச்சிக்காத. ரெண்டுல எது ஒடைச்சுதுன்னு எந்த ஜோசியக்காரனாலயும் சொல்ல முடியாது.

எல்லாம் எறங்கிடுச்சுன்னு வச்சுக்கோ. உடனே டிஎன்எஸ்ஸைத் திருப்பிடாத. உன் கம்ப்யூட்டர்ல ஹோஸ்ட்ஸ்னு ஒரு ஃபைலு இருக்குதே, அதுல இந்தப் பேருக்கு இந்தப் புது ஐபின்னு ரெண்டு வரி எழுதினா ஊரெல்லாம் பழைய எடத்துக்குப் போய்க்கினு இருக்கறப்ப நீ மட்டும் புது எடத்துக்குப் போய்ப் பாக்கலாம். ஃபாரத்தை நெறப்பு, ஆர்டர் போடு, லாகின் பண்ணு. பேனல்ல பச்சை எரியறதைப் பாத்துட்டுப் படுத்துடாத. இதை நான் வெளாட்டுக்குச் சொல்லல. 2024 அக்டோபர் 11-ம் தேதி ராத்திரி நம்ம ஸ்டேஷன்ல இன்னா ஆச்சு? மைசூர்லேருந்து தர்பங்கா போற பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனுக்குத்தான் சிக்னல் விழுந்துச்சு. வண்டி லூப் லைனுக்குள்ள போயி நின்னுக்கினு இருந்த கூட்ஸை முட்டிச்சு. அடிபட்டவங்க உண்டு, நல்லவேளை, உசுரு ஒண்ணும் போகல. நான் அதுக்கு முன்னாடியே ரிட்டயர் ஆனவன். ஆனா நம்ம ஊருக்காரன் எவனுக்கும் அதுக்கப்பால ஒரு வெளக்கு எரியறதைப் பாத்து மட்டும் நம்பிக்கை வரல. சிக்னல் ஒண்ணு சொல்லும், பாயின்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்குதுன்னு தனியாத்தான் பாக்கணும். அதை இத்தோட விடறேன்.

டிடிஎல்னா இன்னான்னு உனக்குத் தெரியும்னு வச்சிக்கறேன். பேருக்கு எந்த ஐபின்னு ஒரு தரம் கேட்டவன், எத்தினி நேரத்துக்கு மறுபடி கேக்காம ஞாபகத்துல வச்சிக்கலாம்ங்கற கணக்கு. சிபேனல்ல சும்மா விட்டா 14,400 விநாடி, அதாவது நாலு மணி நேரம். மாத்தறதுக்கு ஒரு நாள் முன்னாடியே அதை 300-க்குக் கொறைச்சு வச்சா, அப்பால திருப்பினதும் அஞ்சு நிமிசத்துல பெரும்பாலும் எல்லாரும் திரும்பிடுவாங்க. நீ திருப்பினப்பறம்தான் கொறைப்ப. அது செரி, அடுத்த தடவைக்கு ஆகும். அதைவிடப் பெரிசு: என்எஸ்1, என்எஸ்2ன்னு சொந்தப் பேர்ல நேம்சர்வர் வச்சிருக்கியே, ஜம்பமா? அதோட ஐபி டொமைன் வாங்கின எடத்துல பதிஞ்சிருக்கும். அதை அங்க போயி மாத்தணும், பேனலுக்குள்ள மாத்தினா பத்தாது. அந்த லாகின் யார்கிட்ட இருக்குது? முன்னாடி இருந்த பையன்கிட்டயா? அவன் இப்ப துபாய்லயா? நல்லது, அவனுக்கு இப்பவே ஒரு குட்மார்னிங் அனுப்பு.

என்னிக்கு மாத்தறதுன்னு கேக்கவே இல்லையே நீ. பஞ்சாங்கம் பாக்கறியோ இல்லியோ, ஜிஎஸ்டி காலண்டரைப் பாரு. 11-ம் தேதியும் 20-ம் தேதியும் பட்டறைக்காரருங்க ஆடிட்டரோட மெயில்ல மல்லுக்கட்டற நாளு. தை மாசம் மண்டபத்துக்காரர் பக்கம் தலை வைக்காத. "சனி ஞாயிறுல ஒரே அடியா முடிச்சிடலாம்"னு பெரிய எடத்துலயே நெனைச்சாங்க. இங்கிலாந்துல டி.எஸ்.பி.ன்னு ஒரு பேங்கு, 52 லட்சம் கணக்குக்காரங்க. 2018 ஏப்ரல்ல ஒரு வாரக் கடைசியில பழைய சிஸ்டத்துலேருந்து புதுசுக்குத் தாண்டினாங்க. சாமான் பத்திரமா வந்து சேந்துச்சுன்னு விசாரணை பண்ணவங்களே எழுதியிருக்காங்க. கெட்டது புது எடம்தான், அதுக்கு அந்தக் கூட்டத்தைத் தாங்கற தயாரிப்பு இல்ல. சரியாகி வர டிசம்பர் ஆயிடுச்சு. 2022-ல 4 கோடியே 86 லட்சம் பவுனுக்கு மேல அபராதம். நம்மூர்லயும் பாத்தோம். 2021 ஜூன் 1-லேருந்து 6 வரைக்கும் இன்கம்டாக்ஸ் சைட்டைப் பூட்டிட்டு, 7-ம் தேதி புதுசைத் தொறந்தாங்க. அப்பால ஆகஸ்டுல நிதி மந்திரி இன்ஃபோசிஸ் சிஇஓவைக் கூப்பிட்டு விளக்கம் கேக்கற வரைக்கும் வந்துச்சு, ரிட்டன் போடற கெடுவைத் தள்ளித் தள்ளி டிசம்பருக்குக் கொண்டுபோனாங்க. அவங்க கிட்ட ஆயிரம் இன்ஜினியருங்க. உன்கிட்ட நீயும் ஒரு ஃபிளாஸ்க் டீயும். ஆகவே ஒரே ராத்திரியில முடிச்சிடு.

கேளு, இது ஒண்ணையாவது காதுல போட்டுக்கோ. பட்டறைக்காரருங்க அவங்க சைட்டை என்னிக்காவது தொறந்து பாத்திருக்காங்களா? இல்ல. அது ரெண்டு நாள் படுத்துக் கெடந்தாலும் அவங்களுக்குத் தெரியாது. ஆனா ஸ்ரீபெரும்புதூர் பார்ட்டிக்கு அனுப்பின கொட்டேஷன் போகலேன்னா மதியத்துக்குள்ள உன் வூட்டு வாசல்ல நிப்பாங்க. சைட்டு மாத்தறதுன்னு நீ சொல்றது, அவங்களைப் பொறுத்த மட்டும் மெயில் மாத்தறது. அதை நீ கடைசில பாத்துக்கலாம்னு வச்சிருக்க.

புது ஐபிக்கு முன்னாடி யார் குடியிருந்தான்னு உனக்குத் தெரியாது. லாட்டரி மெயில் அனுப்பினவனா இருக்கலாம்; அவன் சேத்து வச்ச கெட்ட பேரு கறுப்புப் பட்டியல்ல இன்னும் உக்காந்திருக்கும். பேனல் போடறதுக்கு முன்னாடியே அந்த நம்பரைத் தேடிப் பாத்துட்டு, பட்டியல்ல இருந்தா வேற ஐபி கேளு. அப்பறம் 25-ம் நம்பர் கதவு. கூகுள் கிளவுடு, டிஜிட்டல்ஓஷன் போல எடத்துல அது வழியா வெளிய மெயில் போக வுட மாட்டாங்க. பேனல்ல மெயில் அக்கவுன்ட் சோக்கா உண்டாகும், அனுப்பினா "அனுப்பியாச்சு"ன்னும் காட்டும், க்யூவுல கெடந்து ஊறும். ஐபியைச் சொன்னா பேரைத் திருப்பிச் சொல்ற ரிவர்ஸ் டிஎன்எஸ் இருக்குதே, அது உன் பேனல்ல இல்ல, பொட்டியை வாடகைக்குக் குடுத்தவன் கையில இருக்குது. அவன் பக்கத்துல போயிப் பதியணும். எஸ்பிஎஃப் ரெக்கார்டுல பழைய ஐபி உக்காந்திருக்கும், அதை மாத்து. டிகேஐஎம் சாவி புதுப் பொட்டியில புதுசா உண்டாகியிருந்தா டிஎன்எஸ்லயும் அதையே போடு. 2024 பிப்ரவரிலேருந்து ஜிமெயில்காரன் இதெல்லாம் இல்லாதவனைத் திண்ணையிலகூட குந்த விடறது இல்ல.

திருப்பின நாளு கொஞ்சம் மெயில் பழைய எடத்துல எறங்கும், கொஞ்சம் புதுசுல. பழைய பொட்டி உசிரோட இருந்தா மறுபடி ஒரு தரம் ஒத்துப் பாத்து இழுத்துக்கலாம். நீதான் காலையிலயே கேன்சல் அடிக்கப்போறியே, அந்தத் தொல்லை உனக்கு இல்ல. ஜவுளிக் கடை ஆர்டரும் அப்பிடித்தான். டேட்டாபேஸைக் காப்பி எடுக்கற நேரத்துலேருந்து திருப்பற வரைக்கும் பழைய சைட்டுல "சற்றுப் பொறுங்கள்"னு ஒரு பலகையை மாட்டு. இல்லேன்னா ரெண்டு கல்லாவுல துட்டு விழும், ஒரு கல்லாதான் உன் கண்ணுக்குத் தெரியும்.

எஸ்எஸ்எல்லைப் பத்திப் பெரிசா ஒண்ணும் இல்ல. பேனல் தானா வாங்கற சர்டிஃபிகேட்டு டிஎன்எஸ் திரும்பினப்பறம்தான் கைக்கு வரும். அந்த நடு நேரத்துக்கு பழைய பொட்டியில இருக்கறதையே சாவியோட எடுத்து வந்து மாட்டிக்கோ. பேக்கப்பு? "ஹோஸ்டிங்காரன் வச்சிருப்பான்." வச்சிருப்பான், வச்சிருப்பான். 2021 மார்ச் 10-ம் தேதி பிரான்ஸுல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஹெச் கம்பெனிக் கட்டடம் ஒண்ணு முழுசா எரிஞ்சுது. அதே எடத்துல பேக்கப்பு வச்சிருந்தவங்களுது அதுவும் சேந்து எரிஞ்சுது. பேக்கப்பை நீயே வாங்கி, உன் ஆபீஸ் ஹார்ட் டிஸ்க்ல போடு, போட்டதை ஒரு தரம் தொறந்தும் பாரு.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு. எங்க டிபார்ட்மென்ட்டுல பாயின்ட்டையோ சிக்னலையோ தொடறதுக்கு முன்னாடி ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட டி/351-னு ஒரு மெமோ நீட்டுவாங்க: இன்ன சாமானை இன்ன நேரத்துலேருந்து கழட்டறோம். அவரு கையெழுத்துப் போட்டாத்தான் ஸ்பேனரை எடுக்கணும். வேலை முடிஞ்சு சோதிச்சப்பறம், மாட்டியாச்சுன்னு அதே தாள்ல மறுபடி கையெழுத்து. நாங்க ரொம்ப நல்லவங்கன்னு அதைச் செய்யல. எது எப்ப கழண்டுதுன்னு நாளைக்கு எவனாவது கேப்பான்னு தெரிஞ்சுதான் செஞ்சோம். நீயும் ஒரு தாளு எழுது. எந்த சைட்டு, எத்தனை மணிக்கு நிறுத்தறேன், எத்தனை மணிக்குத் திருப்பறேன், விடியக்காலம் நாலு மணிக்குள்ள சரியாகலேன்னா பழையபடியே திருப்பிடுவேன், பழைய பொட்டி வாடகை இன்னும் ரெண்டு மாசத்துக்கு யாரு கட்டறது. அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் சின்ன எழுத்துல எழுது. பட்டறைக்காரர் பத்து மணி டீ குடிக்கற நேரம் பாத்து நீட்டினா படிக்காம போட்டுடுவாரு. தேதியை அவரு கையாலயே போடச் சொல்லு.